முக்கால் பத்து

ஊருக்குக் கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது என்னுடைய பெரிய கவலை ஒரு மஞ்சள் கறை.

எங்கள் ஃப்ளாட்டின் சமையல் மேடை வெள்ளை. ஜன்னலை ஒட்டிய மூலையில், பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு, அழுத்தமான மஞ்சளில் ஒரு வட்டம். பொங்கலன்று மஞ்சள்தூள் டப்பாவை ஈரத்தோடு அங்கே வைத்ததால் வந்தது. அன்றைக்கே துடைத்திருந்தால் போயிருக்கும். பண்டிகை நாளில் யார் துடைப்பார்கள்? எலுமிச்சை தேய்த்தேன், சோடா மாவு தேய்த்தேன், டூத்பேஸ்ட்கூடத் தேய்த்தேன். சுற்றியிருந்த வெள்ளை இன்னும் வெள்ளையாகி, கறை முன்னைவிட எடுப்பாகத் தெரிந்ததுதான் மிச்சம்.

செப்டம்பர் 30 காலை, விடுதியின் ஹவுஸ்மைஸ்டர், அதாவது பராமரிப்பாளர், கையில் ஒரு படிவத்தோடு வருவார். சுவர், தரை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஜன்னல் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுவார். சேதம் என்று எழுதிவிட்டால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். மேடைப் பலகை முழுவதையும் மாற்றினால் எவ்வளவு ஆகும் என்று இணையத்தில் பார்த்தேன். பார்த்த வேகத்தில் மூடிவிட்டேன்.

நான் ஜெர்மனியில் ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீரியல் மாஸ்டர்ஸ் படித்தவள். 2023 அக்டோபரில் போனேன். நிலத்துக்குள் உப்பு எப்படி நகர்கிறது என்று இரண்டு வருடம் படித்த எனக்கு ஒரு கறையை நகர்த்தத் தெரியவில்லை. கடைசியில் கைகொடுத்தது பாட்டிதான். மஞ்சள் பட்ட வெள்ளைத் துணியைப் பாட்டி தேய்த்துக்கொண்டு உட்கார மாட்டாள். அலசி, மொட்டை மாடி வெயிலில் போட்டுவிட்டு வந்துவிடுவாள். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துபோகும். பாட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது, அவ்வளவுதான். துணியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். மேடையை எங்கே தூக்குவது? வெயில்தான் மேடைக்கு வந்தாக வேண்டும். ஜன்னல் திரையைக் கழற்றினேன், ரூம்மேட்டின் செடித்தொட்டிகளை அவளிடம் சொல்லிவிட்டு நகர்த்தினேன், கறையின்மேல் இரண்டு மணிக்கு ஒரு தடவை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். அன்றிலிருந்து வானிலை ஆப்பைத் திறப்பதும் மூடுவதுமே வேலை. மழைக்கணக்குப் படித்தவள் மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட வாரம் அது.

காகித வேலைகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஜெர்மனியில் படித்தவர்களுக்கு எல்லாம் தெரியும், மற்றவர்களுக்குக் கொட்டாவி வரும். வந்து இறங்கியதும் முகவரியைப் பதிய வேண்டும், அது அன்மெல்டுங். போகும்போது பெயரை எடுக்க வேண்டும், அது அப்மெல்டுங். காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அதைக் கொடுக்க முடியும். காலி செய்தபின் இரண்டு வாரம்வரை அவகாசம். அந்த ஒற்றைத் தாள் கைக்கு வந்தால்தான் மருத்துவக் காப்பீடு, செல்போன் ஒப்பந்தம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழலும். வங்கிக் கணக்கை மட்டும் மூடவில்லை. முன்பணம் வர சில வாரம் ஆகும்.

கழன்றவற்றில் எனக்குப் பெரிய திருப்தி கொடுத்தது ஒளிபரப்புக் கட்டணம். அப்போது மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி இருக்கிறதா இல்லையா என்பது அவர்களுக்குத் தேவையில்லை, வீடு இருந்தால் போதும். மூன்று பேர் இருந்ததால் ஆளுக்கு 6.12. பார்க்காத டிவிக்கு எதற்குப் பணம் என்று பேக்கரியில் ஒருநாள் புலம்பினேன். என்னோடு வேலை செய்த பெரியம்மா, அவருக்கு அறுபது வயது இருக்கும், விழுந்து விழுந்து சிரித்தார். அவர் கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் வளர்ந்தவர். நாட்டில் முக்கால்வாசிப் பேர் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி மேற்கு ஜெர்மனி டிவியைப் பார்த்துக்கொண்டிருக்க, பள்ளத்தில் கிடந்த ட்ரெஸ்டனுக்கு அலைவரிசை எட்டாதாம். அதனால் இந்தப் பகுதிக்கு ‘ஒன்றும் அறியாதவர்களின் பள்ளத்தாக்கு’ என்று மற்ற ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். “நாங்கள் பார்க்கவே முடியாமல் இருந்தோம், நீ பார்க்காமல் இருக்கிறாய்” என்றார். அப்புறம் நான் அதைப்பற்றிப் புலம்பியதில்லை.

அந்தப் பேக்கரியில் வேலை கிடைத்ததே ஒரு கூத்து. முதல் வருடம், நேர்காணலுக்கு ஃபோனில் நேரம் சொன்னார்கள்: “ட்ரைஃபியர்டெல் ட்ரை.” ஃபியர்டெல் என்றால் கால், ட்ரைஃபியர்டெல் என்றால் முக்கால், கடைசி ட்ரை என்றால் மூன்று. ஆக, மூன்றே முக்கால். நமக்குத்தான் காலும் அரையும் முக்காலும் தாய்ப்பாலோடு வந்ததாயிற்றே. கால் மணி முன்னதாகப் போய் நல்ல பெயர் வாங்கலாம் என்று மூன்றரைக்குப் போய் நின்றேன். உண்மையில் நான் முக்கால் மணி நேரம் தாமதம். சாக்ஸனியில் ‘முக்கால் மூன்று’ என்றால் இரண்டே முக்கால். மூன்றாவது மணியில் முக்கால் பங்கு நிரம்பிவிட்டது என்று கணக்கு. ‘கால் மூன்று’ இரண்டேகால். மொழி வகுப்பில் ‘மூன்றுக்குக் கால் மணி முன்’ என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ட்ரெஸ்டன் தெருவில் அப்படி யாரும் பேசுவதில்லை. பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெளியூரா என்று கேட்டார். கொஞ்சம் தூரம்தான் என்றேன்.

‘ஆம்’ என்பதற்கு வகுப்பில் ‘யா’. அங்கே ‘நூ’. முதல் இரண்டு மாதம், எதைக் கேட்டாலும் ‘நூ’ என்கிறார்களே, ஆங்கிலத்தில் மறுக்கிறார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். அது நம் ‘ம்’ போலத்தான். பழகிவிட்டால் நாக்கிலிருந்து போகாது. இப்போது அம்மாவிடமும் அப்படியே வந்துவிடுகிறது.

சரி, எல்லோரும் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

“வேலை கிடைக்கலையா பாப்பா?” இது சித்தி. “பதினெட்டு மாசம் டைம் தர்றான், அதைக்கூட இருந்து பார்க்காம கிளம்புறியே, பைத்தியமா நீ?” இது ஷ்டுட்கார்ட்டில் இருக்கும் தோழி. படிப்பு முடித்தவர்களுக்கு வேலை தேட பதினெட்டு மாதம்வரை அனுமதி கொடுப்பார்கள்; அதைத்தான் சொல்கிறாள். “இன்னும் ஒரு வருஷம் பாரேன்டி, வந்துட்டா திரும்பப் போக முடியுமா?” இது அம்மா. அப்பா மட்டும் எந்த டிக்கெட், எத்தனை மணிக்கு இறங்குகிறாய் என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டார். அதற்குள் என்னென்ன அடக்கியிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

ஆளுக்கு ஒரு பதில் சொன்னேன். சித்தியிடம், ஊரிலேயே நல்ல புராஜெக்ட் கிடைத்திருக்கிறது என்றேன். தோழியிடம், 73 விண்ணப்பம் போட்டேன், நாலு நேர்காணல், அதில் ஒன்றுதான் இரண்டாவது சுற்றுவரை போனது என்றேன். இரண்டும் உண்மை. என் ஜெர்மன் பி1, அதாவது இடைநிலை. பேக்கரிக்கு அது தாராளம், நீர்வள அலுவலக அறிக்கை எழுத அது போதாது. ஒரு வருடம் ரொட்டி விற்றுக்கொண்டே மொழியைத் தேற்றியிருந்தால் கிடைத்திருக்கலாம். அப்படிச் செய்து ஜெயித்த சீனியர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மரியாதைதான். கல்விக்கடனுக்கும் படிப்பு முடிந்து ஒரு வருடம் தவணை கிடையாது. ஆக, இருக்க முடியாமல் வரவில்லை. இருக்கப் பிடிக்காமலும் வரவில்லை.

என் தீசிஸ் கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதைப் பற்றியது. அதில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் 1901-ல் எழுதியது. அவருக்கு முன்பே டச்சுக்காரர் ஒருவரும் கண்டுபிடித்திருந்தார். கடலோரத்தில் நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது மீட்டர்வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஒரு மீட்டரை இறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து நாற்பது மீட்டர் உப்பு ஏறி வரும். ஒன்றுக்கு நாற்பது. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதியபோது எனக்குத் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், பொறையாறில் இருக்கும் பாட்டி வீட்டுக் கிணறுதான் தெரிந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது. பாட்டி ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வாளியைக் கிணற்றுச் சுவரில் கவிழ்த்து வைத்தாள். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டு வருடமும் என் கடல் கணினித் திரையில்தான் இருந்தது. ட்ரெஸ்டனிலிருந்து நிஜக் கடலுக்கு ரயிலில் பல மணி நேரம். ஜூலையில் ஊர்ப்பக்கம் ஒரு புராஜெக்ட் அறிவிப்பு வந்தது. தரங்கம்பாடியைச் சுற்றிய கடலோரக் கிணறுகளில் ஒரு வருடம் உப்பு அளக்கும் வேலை. விண்ணப்பித்தேன், கிடைத்தது. பேக்கரியில் அப்போது, 2025-ல், மாதம் 556 யூரோவரை சம்பாதிக்க முடிந்தது, ரூபாயில் ஐம்பதாயிரத்துக்கு மேல். புராஜெக்ட் சம்பளம் அதைவிடக் குறைவு. இதை நான் சித்தியிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

கிளம்புவதற்கு முந்தைய வியாழக்கிழமை புல்ஸ்நிட்ஸ் போனேன். ட்ரெஸ்டனிலிருந்து காமென்ஸ் போகும் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. செமஸ்டர் டிக்கெட்டிலேயே போய்வரலாம், காசு கிடையாது. இரண்டு வருடமாகப் ‘போக வேண்டும், போக வேண்டும்’ என்று சொல்லி, கடைசி வாரத்தில் போனேன். பக்கத்தில் இருப்பதை அப்படித்தான் பார்ப்போம்.

புல்ஸ்நிட்ஸ் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டிய ஊர். கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு ஐயர் 1682-ல் பிறந்தது அங்கேதான். 23 வயதில் கப்பலேறி 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அப்போது அது டென்மார்க்காரர்களின் ஊர். உள்ளூர் வாத்தியாரையும் அவரிடம் படித்த பிள்ளைகளையும் தன் வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதித் தமிழ் கற்றார். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் கப்பலில் வந்தன. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதம் செய்யப் பட்டறை போட்ட இடம் எங்கள் பொறையாறு, கடுதாசிப்பட்டறை என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். 1719-ல் 36 வயதில் இறந்து தரங்கம்பாடியிலேயே அடக்கமானார். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பித்தபோது, அவர் ஊர் நிலாவில் இருப்பதுபோல ஒரு தூரம். பார்த்தால், நான் குடியிருந்த இடத்திலிருந்து காமென்ஸ் ரயிலில் சில ஸ்டேஷன்கள்.

ஸ்டேஷனிலிருந்து நடந்து சந்தைச் சதுக்கத்துக்குப் போனேன். நடுவில் ஒரு சிலை, கம்பீரமாக. இவர்தான் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்து, ‘சீகன்பால்கு ஐயர் சொந்த ஊரில்’ என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நிமிடத்தில் தன்னுடைய பழைய மாணவர் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அதன்பிறகுதான் பீடத்தில் இருந்த பெயரைப் படித்தேன். ஏர்ன்ஸ்ட் ரீட்ஷல். 1804-ல் இதே ஊரில் பிறந்த சிற்பி, வைமாரில் கோத்தேயும் ஷில்லரும் சேர்ந்து நிற்கும் சிலையைச் செய்தவர். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், “விடு, யாருக்கும் தெரியாது” என்று வந்தது. அந்தக் குழுவில் இன்றைக்கும் ரீட்ஷல்தான் சீகன்பால்கு.

புனித நிக்கோலாய் தேவாலயம்வரை நடந்தேன். கதவு பூட்டியிருந்தது. வெளியே கல்லில் உட்கார்ந்து, கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். மேப்பிள் இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. ஒரு பாட்டி நாயோடு போனார், வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். வேறொன்றும் நடக்கவில்லை. கிளம்பிப் போய் அங்கேயே இருந்துவிட்டவரிடம் ஏன் திரும்பி வரவில்லை என்று யாராவது கேட்டிருப்பார்களா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அவர் நடுவில் ஒரு தடவை ஐரோப்பாவுக்கு வந்து, கல்யாணம் செய்துகொண்டு, மனைவியோடு தரங்கம்பாடிக்கே திரும்பியிருக்கிறார். நிச்சயம் கேட்டிருப்பார்கள். சித்திகள் எல்லா ஊரிலும் உண்டு.

புல்ஸ்நிட்ஸுக்கு உள்ளூரில் வேறொரு புகழ். ஃபெஃபர்கூகன், அதாவது மிளகு கேக். பெயரில்தான் மிளகு, அந்தக் காலத்தில் தூரதேசத்து மசாலா எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு மிளகு என்றே பெயர். ஏலம், கிராம்பு, பட்டை போட்டது. 1558-லேயே இந்த ஊர் ரொட்டிக்காரர்களுக்கு இதைச் செய்ய உரிமை கொடுத்திருக்கிறார்கள். மாவைப் பிசைந்து வாரக்கணக்கில் ஊறப்போட்டுவிட்டுத்தான் சுடுவார்கள். ஜாம் வைத்துச் சாக்லேட்டில் முக்கிய சின்னச் சின்னத் துண்டுகளும் உண்டு. கடையில் நுழைந்ததும் அடித்த வாசம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. எங்கே என்று யோசித்து, கடைசியில் பிடித்தேன்: பிரியாணிக்குத் தாளிக்கும்போது சர்க்கரை டப்பா திறந்திருந்தால் வரும் வாசம். நம் பக்கத்திலிருந்து கப்பலில் போன சாமானைத் திரும்ப நம் பக்கத்துக்கே கொண்டுபோவது வேடிக்கையாக இருந்தது. ஆறு பெட்டி வாங்கினேன். எடை பற்றி அப்போது யோசிக்கவில்லை.

சனிக்கிழமை பேக்கரியில் கடைசி நாள். காலை ஆறு மணிக்கு ஷட்டர் திறந்தால் மதியம்வரை தலை நிமிர முடியாது, அன்றும் அப்படியே. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. வேலை முடிந்ததும் ஒரு பெரிய துண்டு ஐயர்ஷெக்கே கட்டிக் கொடுத்தார். ஐயரும் இல்லை, ஷேக்கும் இல்லை. மூன்று அடுக்குள்ள ட்ரெஸ்டன் கேக், முதலில் கேட்டபோது நான் சிரித்த சிரிப்பை விளக்க அரை மணி நேரம் ஆனது. “மாக்ஸ் குட்” என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நன்றாகச் செய்’, விடைபெறும்போது எல்லோரும் சொல்வது. திரும்ப எப்போது வருவாய் என்று அவர் கேட்பார் என்று பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு என் கன்னத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு, அடுத்த தட்டை அடுப்பிலிருந்து எடுக்கப் போய்விட்டார்.

சாமான்கள் ஒவ்வொன்றாகப் போயின. சைக்கிளை எல்பே ஆற்றங்கரைச் சனிக்கிழமைச் சந்தையில் 60 யூரோவுக்கு வாங்கியிருந்தேன், 40-க்கு விற்றேன். குளிர்கால கோட்டைக் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்திக்குக் கொடுத்தேன். பொறையாறில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் வைத்தியம் பார்க்கத்தான் கூட்டிப்போவார்கள். குக்கர் யாருக்கு என்பதில் மட்டும் யோசனையே இல்லை. அது எனக்கு ஒரு சீனியர் அக்கா கொடுத்தது, அவருக்கு இன்னொருவர் கொடுத்தது, அதற்கு முன்னால் யார் என்று யாருக்கும் தெரியாது. நான் இரண்டு தடவை கேஸ்கட் மாற்றியிருக்கிறேன், ஒரு தடவை கைப்பிடி. இந்த வருடம் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி புதிதாக வந்திருந்தான். 22-ம் தேதி இறங்கி, நண்பர்கள் அறையில் தரையில் படுத்திருந்தான். அவனுக்கு அறை அக்டோபர் 1-லிருந்துதான். குக்கரையும் இட்லித் தட்டையும் மிச்சமிருந்த துவரம்பருப்பையும் கொடுத்தேன். “அக்கா, வெயிட் எங்கே?” என்றான். வெயிட் என் கோட் பாக்கெட்டில். கோயம்புத்தூர்ப் பெண்ணின் வீட்டுக்கு டிராமில் ஓடினோம்.

போகும் வழியில் அவனுக்குப் பாடம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பாட்டிலைத் தூக்கிப் போடாதே, ஃபாண்ட் உண்டு, அதாவது திருப்பிக் கொடுத்தால் காசு வரும், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், பியர் பாட்டிலுக்கு 8. “நான் குடிக்க மாட்டேன்கா” என்றான். மற்றவர்கள் குடிப்பார்கள், நீ பொறுக்கு என்றேன். ‘நூ’ என்றால் ஆமாம். ‘முக்கால் மூன்று’ கதையையும் சொன்னேன். டிராமில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போனேன். கரோலா பாலம் இருந்த இடத்தைப் பார்க்க. 2024 செப்டம்பர் 11, விடியற்காலை மூன்று மணி வாக்கில், டிராம் ஓடும் பகுதி அப்படியே ஆற்றுக்குள் விழுந்தது. கொஞ்சம் முன்னால்தான் ஒரு டிராம் கடந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலையில் வகுப்புக்குப் போகும்போது எல்லோரும் ஃபோனைக் காட்டிக்கொண்டிருந்தோம். 2025-ல் மிச்சத்தையும் இடித்தார்கள். நடுவில் போர்க்கால வெடிகுண்டுகள் வேறு கிடைத்து, நகரத்தின் நடுப்பகுதியையே காலி செய்ய வேண்டியிருந்தது. நான் வந்த நாளில் பெட்டியோடு கடந்த பாலம் அது. அக்கரையில் விளக்குகள் எரிந்தன. குளிர் தொடங்கிவிட்டது, கோட்டும் இல்லை. சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

30-ம் தேதி காலை ஹவுஸ்மைஸ்டர் சரியான நேரத்துக்கு வந்தார். நான் முந்தைய இரவு இரண்டு மணிவரை அடுப்பு தேய்த்திருந்தேன். ஐந்து நாளில் மூன்று நாள் நல்ல வெயில். மஞ்சள் வட்டம் மெல்ல மெல்ல வெளுத்து, எலுமிச்சை நிறமாகி, கடைசியில் பழைய காகிதத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தது. குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“கர்க்குமா?” என்றார்.

“நூ” என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். எத்தனை இந்திய மாணவர்களைப் பார்த்திருப்பார். படிவத்தில் ஒரே சொல் எழுதினார்: புழங்கிய தடம். அதற்குக் காசு பிடிக்க மாட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதன்பிறகு பெட்டி. 30 கிலோவுக்கு அனுமதி, தராசு 33.4 காட்டியது. சித்திக்கு வாங்கிய சாக்லேட்டில் இரண்டு கிலோவை ரூம்மேட்டுக்குக் கொடுத்தேன், அச்சடித்த தீசிஸ் பிரதியைக் கைப்பைக்கு மாற்றினேன். மிளகு கேக்கில் கை வைக்கவில்லை. மிச்சமிருந்த பாட்டில்களைக் கடை எந்திரத்தில் போட்டேன்: பிளாஸ்டிக் 31, பியர் பாட்டில் 12, மொத்தம் 8.71 யூரோ. பியர் பாட்டில் என்னுடையது இல்லை. அம்மா இதைப் படிப்பாள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

பெர்லின் விமான நிலையத்துக்கு ட்ரெஸ்டனிலிருந்தே நேர் ரயில் இருக்கிறது. தம்பி ஸ்டேஷன்வரை பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். ரயில் கிளம்பும்வரை நிற்கவில்லை, ஹவுஸ்மைஸ்டரைப் பார்த்து மறுநாள் சாவிக்கு நேரம் கேட்க வேண்டும் என்று ஓடிவிட்டான். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஐயர்ஷெக்கேயின் கடைசிப் பாதியைச் சாப்பிட்டேன். காய்ந்து போயிருந்தது. வெளியே பைன் மரங்களும் காற்றாலைகளும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன.

ஒரு மணி நேரம் கழித்து ஃபோன் அதிர்ந்தது.

“அக்கா, சாவி நாளைக்கு ட்ரைஃபியர்டெல் ட்ஸேன்னு சொல்றார். ட்ஸேன்னா பத்து. அப்ப பத்தே முக்கால்தானே?”

டிராமில் அப்படிச் சிரித்தவன்தான். கையில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைக்காமலே அடித்தேன்: “டேய், ஒன்பதே முக்கால்! ஒன்பதே முக்கால்!”

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. நெட்வொர்க் போய்விட்டதோ என்று ஃபோனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

“நூ” என்று வந்தது.